சைலன்ஸருக்கு வந்த படபடப்பு

எங்கள் தெருமுனை சலூன்காரரை எல்லோரும் சைலன்ஸர் என்றுதான் கூப்பிடுவார்கள். தலையில் கை வைத்தாரென்றால் முடி வெட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். பெயர் வைத்தது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அதே கடையில் இரண்டாவது நாற்காலி அவனுடையது. அவனோ வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்கிற ரகம். ஒரு நாற்காலியில் அமைதி, இன்னொன்றில் ஊர்க்கதை. வாடிக்கையாளர்கள் மனநிலைக்குத் தகுந்தபடி உட்கார்ந்துகொள்வார்கள்.

சைலன்ஸருக்கு நாற்பத்தெட்டு வயது. கத்தி பிடிக்க ஆரம்பித்து இருபத்தாறு வருஷம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தபால்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். இடது கன்னம் முடிந்து, வலது காதுக்குக் கீழே கத்தியை வைக்கப் போன நேரத்தில் நெஞ்சு திடீரென்று தூக்கிப் போட்டது. பிறகு நிற்காமல் அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. கண்ணாடியைச் சுற்றியிருந்த விளக்குகள் எங்கோ தூரத்தில் எரிவதுபோல் தெரிந்தன. ‘அவ்வளவுதான், செத்துவிடப் போகிறோம்’ என்று நினைத்தார். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே ஓடினார். பாதி முகத்தில் நுரையோடு தபால்காரர் பின்னாலேயே எழுந்து வந்தார்.

மச்சினன் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. போய்ச் சேர்ந்து கால் மணி நேரத்தில் படபடப்பும் போன இடம் தெரியவில்லை.

அந்த மாதத்திலேயே இன்னும் இரண்டு தடவை அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூன்றாவது தடவை டியூட்டி டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஐயா, உங்க இதயம் நல்லாருக்கு. தைராய்டும் பாத்தாச்சு. இதுக்குப் பேரு பேனிக் அட்டாக். பயம் திடீர்னு உச்சத்துக்குப் போயி, பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல தானா இறங்கிரும். சாகறமாதிரி இருக்கும். ஆனா இதனால சாக மாட்டீங்க. மனநலப் பிரிவுல ஒரு தடவை பாருங்க.”

சைலன்ஸருக்கு அது பிடிக்கவில்லை. “எனக்கு மனசுல என்ன குறை? பயப்பட ஒண்ணுமே நடக்கலையே” என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர்தான், அதை மறந்தேபோனார்.

பயத்தை மட்டும் மறக்க முடியவில்லை. சவரத்துக்கு வருகிறவர்களை மச்சினன் பக்கம் தள்ளிவிட்டார். கத்தரிக்கோல் மட்டும் போதும் என்றார். நெஞ்சு படபடக்குமோ என்று காபியை நிறுத்தினார். தண்ணீர்ப் பாட்டில் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. வீட்டில் கதவோரமாகவே உட்கார்ந்தார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தலைவலி என்றார். மளிகைக் கடை வரிசைக்கு முட்டிவலி என்றார்.

நான்கு மாதம் இப்படியே ஓடியது. அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். பேச்சில் கெட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னார்:

“என்னங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பயத்துக்கு ஒவ்வொரு ரூமா காலி பண்ணிக் குடுத்துட்டே வர்றீங்க. இப்படியே போனா கடைசில நமக்கு சமையக்கட்டு மட்டுந்தான் மிஞ்சும்.”

மறுநாள் மனைவி மனநலப் பிரிவில் டோக்கன் வாங்கிவைத்ததும் சைலன்ஸர் கூடவே போனார்.

அங்கே ஆலோசகராக இருந்தது ஒரு பெண்மணி. சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். முதல் நாள் அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று நொடி நொடியாகக் கேட்டார். நெஞ்சு அடித்ததும் மனசில் முதலில் ஓடிய வார்த்தை என்ன? அந்த வார்த்தை ஓடியதும் நெஞ்சடிப்பு குறைந்ததா, கூடியதா?

“கூடிருச்சு மேடம்” என்றார் சைலன்ஸர். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது.

“வீட்டு நாய் காவலுக்குத்தானே இருக்கு? சில சமயம் பூனை போனாக்கூட திருடன்னு குரைக்கும். உடனே நீங்க பின்வாசல் வழியா ஓடினா, வந்தது திருடன்தான்னு அது முடிவு பண்ணிரும். அடுத்த தடவை இன்னும் சத்தமா குரைக்கும். உங்க உடம்பும் அப்படித்தான் பண்ணுது. குரைக்கட்டும். நீங்க ஓடாம இருந்து பாக்கணும்” என்றார் ஆலோசகர்.

மெதுவாக மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார். நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விட வேண்டும். “இது பயத்தை விரட்டுற மந்திரம் இல்ல. அது வந்து போறவரைக்கும் நிக்கிறதுக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்” என்றார். பக்கத்து அறையில் இருந்த மனநல மருத்துவர் ஒரு மாத்திரையும் எழுதினார். முதல் பத்து நாள் குமட்டியது. மாத்திரை வேலை செய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் சைலன்ஸர் விடாமல் சாப்பிட்டார்.

மூன்றாவது சந்திப்பில் ஆலோசகர் கேட்டார்: “உங்க கடையில சுத்துற நாற்காலி இருக்கும்ல?”

“இருக்கு மேடம்.”

“தினமும் ஒரு நிமிஷம் அதுல உக்காந்து சுத்துங்க. தலை கிறுகிறுக்கணும். பயம் வந்தா எழுந்து ஓடாதீங்க. கிறுகிறுப்பு வந்தா வெறும் கிறுகிறுப்புத்தான், வேற ஒண்ணும் நடக்காதுன்னு உங்க உடம்பு தெரிஞ்சுக்கணும். பயம் பத்துக்கு எத்தனைன்னு எழுதி வைங்க.”

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவரை உட்கார வைத்து மச்சினன் நாற்காலியைச் சுற்றினான். ஊர்க்கதையை விட்டுவிட்டு வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினான்.

“மாமா, யாராவது எட்டிப் பாத்தா இனிமே முடிவெட்ட வரமாட்டாங்க. ராட்டினம் சுத்த சீட்டுக் கேப்பாங்க.”

“நீ சுத்துடா.”

முதல் நாள் ஒன்பது என்று எழுதினார். கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. நான்காம் நாள் எட்டு. இடையில் ஒருநாள் மறுபடியும் ஒன்பது; அன்றைக்கு நோட்டைத் தூக்கி எறியப் போனார். இரண்டு வாரத்தில் மூன்றுக்கு வந்தது. பதினேழாம் நாள் கிறுகிறுப்போடு இறங்கி, நேராக நிற்க முடியாமல் துண்டு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து மச்சினன் பார்த்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அடுத்தது கத்தி. “உங்க கை எப்பவாவது வழுக்கியிருக்கா?” என்று ஆலோசகர் கேட்டார். இல்லை. ஒவ்வொரு தடவையும் கத்தியைத் தட்டில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறார். இருந்தாலும் எடுத்த எடுப்பில் மனிதக் கழுத்து வேண்டாம் என்று, தொழில் பழகும்போது செய்ததையே செய்தார். பலூனை ஊதி, நுரை தடவி, வெடிக்காமல் வழித்தார். நான்கு பலூனும் பிழைத்தன. பிறகு மச்சினன் உட்கார்ந்தான்.

“மாமா, பலூன் வெடிச்சா வேற வாங்கிக்கலாம். என் கழுத்து ஒண்ணுதான் இருக்கு.”

“வாயை மூடு. ஆடுது.”

ஒரு மாதம் கழித்துத் தபால்காரரைத் தானே கூப்பிட்டு உட்கார வைத்தார். பாதிச் சவரத்தில் அது வந்தது. நெஞ்சு தூக்கிப் போட்டது, விரல் மரத்தது. கத்தியைத் தட்டில் வைத்தார். வாசல் எட்டடி தூரத்தில் திறந்திருந்தது. நாற்காலியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு வருஷத்தில் செய்யாததைச் செய்தார். வேலைக்கு நடுவே வாடிக்கையாளரிடம் வாய் திறந்தார்.

“சார், எனக்குப் படபடப்பு ஒண்ணு வந்திருக்கு. கொஞ்ச நேரத்துல போயிரும். அதுவரைக்கும் இங்கயே நிக்கிறேன்.”

தபால்காரர் கண்ணைத் திறக்கவில்லை. “நில்லுங்க, நில்லுங்க. காலையிலேருந்து சைக்கிள் மிதிச்சது. நானும் கொஞ்சம் கண்ணசந்துக்கறேன்.”

சைலன்ஸர் நின்றார். நாலு, ஆறு, நாலு, ஆறு. காலடியில் தரை இருந்தது, கையில் நாற்காலியின் ரெக்சின் வழவழப்பு இருந்தது. படபடப்பு ஏறியது, ஏறி, இதற்குமேல் தாங்காது என்ற இடத்தில் கொஞ்சம் நின்றது, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் போயிருந்தது. காய்ந்த நுரையைத் துடைத்துப் புதிதாகத் தடவி, அடுத்த கன்னத்தை வழித்து முடித்தார். தபால்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

படபடப்பு அன்றோடு ஒழிந்துவிடவில்லை. அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்த மாதமும். ஆனால் வாராவாரம் வந்தது மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு எப்போதோ ஒருமுறை என்றானது. ஒன்பதாம் மாதம் மருத்துவர் சொன்னபடி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். காபி மட்டும் சிகிச்சை தொடங்கிய முதல் மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

அவருக்கு ஒரு மகள். வெளியூரில் கல்லூரி. முதல் வருஷம் விடுதியில் சேர்க்க மனைவி மட்டும்தான் போயிருந்தார். இரண்டாம் வருஷம் மூவருமாக ரயிலேறினார்கள். ஐந்து மணி நேரப் பயணம். நடுவழியில் ஒரு மலைக் குகைப்பாதைக்குள் வண்டி நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கறுப்பு, உள்ளே விளக்கு அணைந்து மின்விசிறியும் ஓய்ந்துவிட்டது.

சைலன்ஸர் மனைவி பக்கம் குனிந்து, “வந்திருச்சு” என்றார்.

“தண்ணி வேணுமா?”

“வேணாம். வந்துட்டுப் போகட்டும்.”

எதிரே உட்கார்ந்திருந்த மகள், “அப்பா, என்ன வந்திருச்சு?” என்று கேட்டாள். அவளிடம் அவர் இதுவரை சொன்னதில்லை. அந்த இருட்டில் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே, செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். ராட்டினக் கதை வந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வண்டி எப்போது கிளம்பியது என்று மூவருக்குமே தெரியவில்லை.

விடுதியில் அவள் அறை நான்காவது மாடி. லிப்ட் பழுது. பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுக்காமல் அவரே தோளில் தூக்கிக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு தடதடவென்று அடித்தது. நாலு மாடி ஏறினால் யாருக்கும் அடிக்கத்தான் செய்யும். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா, சுவரோரம் போடலாமா என்று மகளிடம் கேட்டார்.