சீவ் ஒட்ட மறுத்த பெயர்

கார் ஆலையில் சேர்ந்தபோது சீவ் பிராண்டினுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இருக்கை தைத்தாள், கதவு மாட்டினாள், கடைசியில் வரிசையின் முடிவுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே வண்டியைச் சுற்றிப் பார்த்து, குறையில்லை என்றால் அதன் மூக்கில் ஆலையின் பெயர்ப்பட்டையை வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். அந்த வண்டிகள் ஸ்வீடனிலுள்ள ஆல்வ்மோ ஊரின் பெருமை. குதிரை அளவு எல்க் மான் குறுக்கே பாய்ந்து மோதினாலும் உள்ளே இருப்பவர் இறங்கி நடந்து வருவார்.

பிறகு கடல் கடந்த கம்பெனி ஒன்று ஆலையை வாங்கியது. இங்கே வரைந்து வைத்திருந்த புது வண்டிக்குப் பணமில்லை என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்டது. கடைசியில், வேறொரு நாட்டில் விலைபோகாமல் நின்ற தன்னுடைய மட்டமான வண்டியை, மூக்கை மட்டும் மாற்றி, இங்கே பூட்டச் சொல்லி அனுப்பியது. இனி இதுதான் உங்கள் வண்டி என்றது.

அது முதன்முதலாக வரிசையிலிருந்து இறங்கிய காலை, மேலாளர் ஹோக்கன் மார்சிபன் என்ற பச்சை நிறப் பாதாம் மாவு போர்த்திய கேக்கை மேசையில் வைத்தான். புது வண்டிக்குப் பெயர் ஒட்டியவர்தான் முதல் துண்டை வெட்டுவார். ஆலையில் அது வழக்கம்.

சீவ் கதவைச் சாத்திப் பார்த்தாள். தகர டப்பா மூடுகிற சத்தம். பட்டையை எடுக்காமல் கைகளைப் பையில் விட்டுக்கொண்டாள்.

"ஒட்டு சீவ், காப்பி ஆறுது."

"இது நம்ம வண்டி இல்ல, ஹோக்கன்."

"மேலிடம் நம்மதுன்னு சொல்லுதே."

"நம்ம நாயோட கழுத்துப்பட்டையைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கட்டினா, அது குரைக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹோக்கன் குரலைத் தாழ்த்தினான். "நீ வேலை செய்ய மறுத்தேன்னு நான் எழுதினா யூனியன்கூட உன்னைக் காப்பாத்த முடியாது. வேலையே போயிடும். இந்த வயசுல எங்க போவே?"

"எழுதிக்கோ. பேனா வேணுமா?"

அவன் பக்கத்தில் நின்ற லெனார்ட்டைப் பார்த்தான். "நீ ஒட்டுப்பா."

"எனக்குக் கை வலி."

"நேத்து ஹாக்கி ஆடினியே!"

"அதான் வலி."

அடுத்தவளும் கையைப் பையில் விட்டுக்கொண்டாள். கடைசியில் ஹோக்கனே ஒட்டினான், கோணலாக. முதல் துண்டையும் அவனே வெட்டித் தின்றான். மற்றவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரை தானிய ரொட்டியைக் கடித்தார்கள்.

சீவுக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கை கொடுத்து, பெட்டி கட்டும் கிடங்குக்குத் தள்ளினார்கள். அந்த வண்டியோ விற்காமல் கடைகளில் தூங்கியது. வாடிக்கையாளர்கள் வந்து பார்த்துவிட்டு, தங்கள் பழைய வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். கம்பெனி கணக்கைப் பார்த்தது; ஆலையை இழுத்து மூட முடிவு செய்தது.

அதை அறிவிக்க அமெரிக்காவிலிருந்து ஒருவன் வந்தான். எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து, மக்களுக்கு உங்கள் வண்டி பிடிக்கவில்லை என்றான். சீவ் எழுந்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். இருந்தாலும் ஸ்வீடிஷில் கேட்டாள்.

"எங்க வண்டியை எங்கய்யா செய்ய விட்டீங்க, பிடிக்குதா பிடிக்கலையான்னு தெரிய?"

மொழிபெயர்க்க வந்த பெண் தயங்கினாள்.

"சொல்லும்மா. ஒரு வார்த்தை குறையாம சொல்லு," என்றாள் சீவ். அவன் பதில் சொல்லட்டும் என்று நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் லெனார்ட்டும் எழுந்து நின்றான்.