கோடையில் செய்த தாழ்ப்பாள்

பீரோவுக்கு முன்னால் நான் இருந்தேன், என் மனைவி இருந்தாள், பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் கையில் டீயோடு இருந்தார், அவர் கூட்டிவந்த சைக்கிள் கடைக்காரர் இருந்தார். இல்லாதவர் ஒருவர்தான்: பீரோ விற்ற கடையின் மெக்கானிக். "இதோ கெளம்பிட்டாருங்க" என்று கடையில் சொல்லி அன்றோடு ஆறு நாள்.

சீர்காழிக்கு மாற்றலாகி வந்த பிறகு தவணையில் வாங்கிய இரும்புப் பீரோ அது. மூன்றாம் வாரமே கைப்பிடி திரும்ப மறுத்துவிட்டது. கடையில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"காரண்டி கார்டைக் கொண்டாங்க சார், உடனே ஆள் அனுப்புறோம்."

"கார்டு பீரோவுக்குள்ள இருக்குங்க."

"அதத்தான் சார், எடுத்துட்டு வாங்க."

"எடுக்க முடியலன்னுதானே வந்திருக்கேன்."

"கார்டு இல்லாம அனுப்புனா மொதலாளி திட்டுவாரு சார்."

நான்கு முறை போனேன். நான்கு முறையும் ஒரு சொல் மாறாமல் இதையே பேசினோம். ஐந்தாம் முறை போனபோதுதான், என்னை அனுப்பிவைக்க, ஆள் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். நீங்களும் எங்காவது ஒரு கடையில், ஒரு மின்விசிறிக்காகவோ ஸ்டவ்வுக்காகவோ இதைப் பேசியிருப்பீர்கள்.

சைக்கிள் கடைக்காரர் பூட்டுத் துவாரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். மெஷின் எண்ணெயும் புது இரும்பும் சேர்ந்த வாசனை. அது எனக்கு வலங்கைமான் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையின் வாசனை. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அங்கே விற்ற பூட்டு ஒன்றுதான் எங்கள் குடும்பம் வாங்கிய முதல் பூட்டு.

அதற்கு முன் பூட்டு தேவைப்படவில்லை. வீட்டில் பூட்டி வைக்க எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். வீடே எங்களுடையது இல்லை என்பது இன்னொன்று. எங்கள் தெரு முழுக்கப் பண்ணை நிலத்தில் இருந்தது. சுவரை எழுப்பியது அம்மா, கூரை வேய்ந்தது அப்பா, அடியில் இருந்த மண் மட்டும் பண்ணைக்குச் சொந்தம். ஏழாம் வகுப்பில் நான் கட்டுரைப் போட்டியில் ஒரு தினசரிக் காலண்டர் பரிசு வாங்கி வந்தேன். மாட்ட ஆணி வேண்டும். "இருடா, கேட்டுட்டு வரேன்" என்று அப்பா காரியக்காரரிடம் போனார். காரியக்காரர் என்றால் பண்ணையின் வரவு செலவும் ஆட்களும் அவர் கையில். அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "இன்னிக்கு ஆணின்னுவ. நாளைக்கு செவுரு என்னுதும்ப." அந்தக் காலண்டர் வருஷம் முழுவதும் சுருட்டியபடியே கூரையில் செருகியிருந்தது. தேதி பார்க்க வேண்டுமானால் இறக்கி விரித்துப் பார்ப்பேன். ஆனாலும் நாள் தவறாமல் தாளைக் கிழித்து வந்தேன். கட்டுரைப் போட்டியில் ஜெயித்தவன் அல்லவா.

பிறகு ஆட்சி மாறியது, தெருமுனையில் விவசாயச் சங்கக் கொடி ஏறியது. கூலிச் சண்டையில் ஒரு போகம் அறுப்பார் இல்லாமல் வயலிலேயே சாய்ந்தது. அடுத்ததைப் போலீஸ்காரர்கள் வரப்பில் நிற்க அறுத்தார்கள். குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டமும் வந்தது. ஒரு பிற்பகலில் பள்ளிக்கூட வாசலில் பெஞ்சு போட்டுப் பெயர் கூப்பிட்டுப் பட்டா கொடுத்தார்கள். எங்களுக்கு மூன்று சென்ட். அப்பா அந்தக் காகிதத்தை ஈரக் கைபடாமல் மேல்துண்டில் ஏந்தி வந்தார்.

காகிதம் வந்ததும் தகரப் பெட்டி வந்தது. பெட்டி வந்ததும் கதவு வேண்டியிருந்தது. அதுவரை வாசலை மறைத்தது மூங்கில் படல்தான். கதவுக்கு ஒரு பூட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், எழுத்து உள்ள சாமான் எதை வாங்குவதும் என் பொறுப்பு. பூட்டில் எழுத்து இருந்தது. தெருவில் பதினான்கு வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து அதே கடையில் அதே பூட்டை வாங்கினார்கள்.

ஒருநாள் அம்மா நடவு வயலில் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள். எதிர்வீட்டுக் கோவிந்தம்மா அத்தை தன் சாவியை நீட்டினாள்.

"இதப் போட்டுப் பாரேன் அண்ணி. எனக்கும் ஒன் வூட்டுல பங்கு இருக்கான்னு பாத்துருவோம்."

பூட்டு திறந்துகொண்டது. தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு வீட்டுப் பூட்டில் தங்கள் சாவியை விட்டுப் பார்த்தார்கள். எங்களுடையதோடு பதினைந்தில் பதினொன்று, எந்தச் சாவிக்கும் திறந்தது. "இனிமே எவ வூட்டுல கொழம்பு நல்லாருக்கோ அங்க தொறந்துக்க வேண்டியதுதான்" என்று அத்தை சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை பண்ணைக்கு வேலைக்குப் போனவர், அங்கே வைக்கோல் கொட்டகைப் பூட்டில் அத்தையின் சாவியை நுழைத்துப் பார்த்திருக்கிறார். அதுவும் திறந்தது.

"நம்ம சாவி அவங்க பூட்டத் தொறக்குதுன்னா, அவங்க சாவி நம்மளதத் தொறக்குந்தானேடா?"

தர்க்கத்தில் பிழை இல்லை. எங்கள் மனை வாய்க்கால் ஓரத்தில், பண்ணை வண்டி திரும்பும் மூலையில் இருந்தது. அதை மட்டும் விட்டுக்கொடுக்கப் பண்ணைக்கு மனமில்லை. 'அது குடியிருப்பே இல்லை, எங்கள் வைக்கோல் கொட்டகை, அந்த ஆள் காவலுக்கு வைத்தவர், பட்டா செல்லாது' என்று தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் இருந்த ஒரே பதில் அந்தக் காகிதம்.

பூட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் நிதானமாக விசாரித்தார்.

"பூட்டு பூட்டுதா தம்பி?"

"பூட்டுதுங்க."

"தொறக்குதா?"

"தொறக்குதுங்க. எல்லா சாவிக்கும் தொறக்குது."

"நல்லதுதானே? ஒன்னு தொலைஞ்சா இன்னொன்னு. தொறக்கலன்னாத்தான் கொறை."

பூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். பிற்பாடு மூன்று நல்ல பதில்கள் தோன்றின. மூன்றுமே பஸ்ஸில் தோன்றியவை.

அப்போதுதான் நானே ஒரு தாழ்ப்பாள் செய்வது என்று முடிவெடுத்தேன். பேராவூரணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. சனி, ஞாயிறு ஊருக்கு வருவேன். நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து அ, ஆ, இ என்று பாகம் குறித்தேன். கள்ளிப்பெட்டிப் பலகை வாங்கி இழைத்தேன். கதவின் உட்புறம் மரத்தாழ்ப்பாள் ஒன்று பள்ளத்தில் ஓடும். வெளியே கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை. வளைத்த சைக்கிள் கம்பியை அதில் விட்டு நெம்பினால் தாழ்ப்பாள் நகரும். ஏமாற்றுவதற்காகப் பழைய பூட்டையும் வெளியே தொங்கவிட்டேன். பங்குனி வெயிலில் ஜாமெட்ரி பாக்ஸ் அளவுகோலால் அளந்து அளந்து செய்தது. தாழ்ப்பாளுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு தாள்கூட நுழையாது. அதைப் பெருமையாகத் தாளை வைத்தே காட்டினேன். அம்மா இரண்டே நாளில் பழகிவிட்டாள். அப்பாவின் விரல்களுக்குக் கம்பி பிடிபடவில்லை.

"சொந்த வூட்டுக்குள்ள போக ஊசி கோக்கணும் போலருக்கே" என்றார்.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, "தாப்பா ரொம்ப இறுக்குதுடா, கொஞ்சம் செதுக்கி விட்டுட்டுப் போயேன்" என்றாள். நான் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"இறுக்கமா இருந்தாத்தாம்மா பாதுகாப்பு."

மரம் ஈரத்தில் பருக்கும் என்பது நான் பிள்ளைகளுக்கு நடத்தாத பாடம்.

இடத்தைப் பார்த்து விசாரிக்க வியாழக்கிழமை வருவதாகத் தாலுகா ஆபீசிலிருந்து தாக்கீது வந்திருந்தது. வியாழனுக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். அவர்கள் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்கள். இனிமேல் நான் சொல்வது அம்மா சொன்னது. அவள் ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூட்டிச் சொல்வாள், நான் முதல் முறை கேட்டதையே சொல்கிறேன்.

தாளடி நடவிலிருந்து இருவரையும் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் தாசில்தார், அவருக்குக் குடை பிடித்தபடி காரியக்காரர். தெரு ஜனம் தள்ளி நின்றது.

"பட்டாவ எடுத்துட்டு வாம்மா."

அம்மா துளையில் கம்பியை விட்டு நெம்பினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. இன்னும் நெம்பினாள். கம்பி வளைந்தது. அப்பா தோளால் கதவை முட்டினார். கள்ளிப்பெட்டிதான், ஆனால் மகன் செய்தது, அசையவில்லை.

காரியக்காரர் குடைக்குள்ளிருந்து சொன்னார்: "பாத்தீங்களா சார்? குடியிருக்கறவனுக்குத் தன் வூட்டுக் கதவத் தொறக்கத் தெரியல. கொட்டாயின்னு நான் சொன்னேன்ல?"

தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். "காட்டுனா காட்டு. இல்லன்னா காட்டலன்னு எழுதிட்டுப் போறேன். இன்னும் ரெண்டு ஊரு பாக்கணும்."

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். மழையில் ஊறிய மண்சுவர். மூன்றாவது வெட்டில் பொத்தல் விழுந்தது. காரியக்காரர் குடையோடு ஓடிவந்தார். தாசில்தார் நனைந்துகொண்டே பின்னால் வந்தார்.

"யோவ், யாரக் கேட்டு செவுத்த இடிக்கிற?"

அப்பா வெட்டுவதை நிறுத்தவில்லை. "யாரக் கேக்கணும்? எஞ் செவுரு."

அம்மா பொத்தலுக்குள் புகுந்து போய்க் காகிதத்தை எடுத்து நீட்டினாள். தாசில்தார் அதை வாங்கும்போது குனிந்து உள்ளே பார்த்தாராம். கரி பிடித்த அடுப்பு, தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றுப் பானை, கொடியில் என் பள்ளிக்கூடச் சட்டை. "வைக்கோல் கொட்டாயில சோறு ஆக்குவீங்களாய்யா?" என்று காரியக்காரரைக் கேட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார்.

நான் வியாழக்கிழமை காலை, நகல் எடுத்த காகிதங்களைக் கட்டாகச் சுமந்துகொண்டு, அதிகாரியிடம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தபடி வந்து சேர்ந்தேன். கதவு சாத்தியே இருந்தது. பின்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "இப்புடி வாங்க சார், வாசல் இங்குட்டு இருக்கு." பொத்தலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்று அந்தச் சுவர் இல்லை, அந்த இடத்தில் செங்கல் வீடு நிற்கிறது. காரியக்காரர் இல்லை. அப்பாவும் இல்லை. தாழ்ப்பாள் அடுத்த தையிலேயே அடுப்புக்குப் போனது. முதலில் வீடு திரும்பியவர் எந்த வீட்டையும் திறந்து விளக்கேற்றி வைக்கிற வழக்கம் கொஞ்ச காலம் தெருவில் இருந்தது. நல்ல பூட்டுகள் வந்ததும் அதுவும் போயிற்று.

சைக்கிள் கடைக்காரர், "பின்னாடித் தகட்ட அறுத்தாத்தான் உண்டு சார், காரண்டி போயிரும்" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். "திருப்பிப் போடுங்க" என்றேன்.

அவர் அறுக்க ஆரம்பித்ததும் நான் ஊர்க் கதையைச் சொல்லி முடித்தேன். "அதுக்கெல்லாம் எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டாள் மனைவி. பூட்டு நாலே முக்கால், பலகை ஆறு, கீலும் ஆணியும் இரண்டே கால், சுவர் பூச அம்மா இரண்டு நாள் நடவுக்குப் போகாததில் கூலி ஆறு. மூன்று சென்ட் மனைக்கு மொத்தம் பத்தொன்பது ரூபாய்.