முன்கதவுத் திறப்பு

எழுபதுகளின் நடுவில் நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்குக் குடிவந்தோம். நான் ஒரு பொறியியல் அலுவலகத்தில் படம் வரைபவன். வந்த மூன்றாவது ஞாயிறு, கோட்டும் சேலையுமாக, வீட்டுக்குக் கிட்ட இருந்த பெரிய கல் தேவாலயத்துக்குப் போனோம். வாசலில் பாட்டுப்புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகுந்த கனிவோடு, "உங்கட சபை ரெண்டு தெரு தள்ளி இருக்கு" என்றார். எங்களுக்கு ஒரு சபை இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு நடந்தோம்.

ரயில் பாதையோரம் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். அது அவுஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான அபொரிஜினல் மக்களின் சபை. ஊரார் அதைக் கறுப்பர் சபை என்றார்கள். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பதினொரு பேர் வெளியே நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் லோண்டரியில் வேலைசெய்யும் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் எங்களிடம் வந்தார். எல்லாரும் அவரை அன்ரி என்றார்கள். எங்கள் வழக்கமும் அதுதான் என்பதால் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

"நீங்கள் எந்தப் பக்கத்து ஆக்கள்?"

"யாழ்ப்பாணம்."

"டார்வினுக்கு மேலயோ?"

"ஓம். இன்னும் கொஞ்சம் மேல."

டார்வின் அந்த நாட்டின் வடகோடி நகரம். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கதவின் திறப்பு, அதாவது சாவி, தலைமைச் சபை நியமித்த ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவரிடம் இருந்தது. அவர் ஞாயிறுதோறும் காரில் வந்து கதவைத் திறப்பார். கடைசி வரிசையில் இருந்து ஆராதனையைப் பார்ப்பார். முடிந்ததும் பூட்டிக்கொண்டு போவார். நல்ல மனிதர். பூட்டுக்கு எண்ணெய்கூட விடுவார்.

அடுத்த வருடம் தலைமைச் சபை, இந்தச் சபை வாடிப்போகிறது என்று கண்டுபிடித்தது. மருந்தும் கண்டுபிடித்தது: படைப்பாற்றல் மிக்க கறுப்பினத் தலைவர்களை உருவாக்கும் பத்து வாரப் பயிற்சி. நடத்துவதற்கு மெல்பேர்னிலிருந்து தாடி வைத்த ஒருவர் வந்தார். நான் படம் வரைபவன் என்பதால் இயந்திரங்களும் தெரிந்திருக்கும் என்று நம்பி, பிரொஜெக்டரை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

முதல் வாரம், எல்லாரும் தங்களை ஒரு மரமாக வரைய வேண்டும். அன்ரியின் மரத்தைப் பார்த்துப் பயிற்சியாளர் கவலைப்பட்டார்.

"உங்கட மரத்துக்கு வேர் இல்லையே?"

"வேர் மண்ணுக்குள்ள இருக்கு. எப்படித் தெரியும்?"

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

லோண்டரி வேலையால் அன்ரியால் எல்லா வாரமும் வர முடியவில்லை. ஐந்தாம் வாரம் வந்தார். அன்றைய கேள்வி: இந்தச் சபை உயிர்பெற என்ன தேவை? ஒருவர் கிற்றார் என்றார். இன்னொருவர் பஸ் என்றார். அன்ரி, "திறப்பு" என்றார். பயிற்சியாளரின் முகம் மலர்ந்தது. அந்தச் சொல்லைக் கண்ணாடித் தாளில் பெரிதாக எழுதி, நான் அதைச் சுவரில் விழுத்தும்வரை காத்திருந்தார்.

"எதுக்கான திறப்பு? இதயத்துக்கா? சமூகத்துக்கா?"

"முன்கதவுக்கு."

அவர் அந்தத் தாளை எடுத்துவிட்டு அடுத்த தாளை வைக்கச் சொன்னார்.

ஏழாம் வாரத்துக்குப் பிறகு வந்த ஞாயிறு, திறப்புக்காரர் வரவில்லை. கரவான் என்ற சக்கர வீட்டைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தார். யாருக்கும் சொல்ல மறந்துவிட்டார். மழை பெய்தது. அரை மணித்தியாலம் நனைந்தோம். அன்ரி தெருவின் மறுபக்கத்தைப் பார்த்தார். அங்கே காசு போட்டுத் துணி துவைக்கும் கடை திறந்திருந்தது.

"வாங்கோ" என்றார். போனோம்.

இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்ரி அவற்றின் நடுவே நின்று ஜெபம் செய்தார். இயந்திரம் வேகமாகச் சுழலும்போது நிறுத்திக்கொள்வார். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். லோண்டரியில் இருபது வருடம் நின்றவருக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. துவைக்க வந்தவர்கள் எட்டுப்பேர். அவர்களால் எழுந்து போக முடியவில்லை. துணி உள்ளே இருந்தது. ஒரு இளம் தாய் மட்டும், துணி காய்ந்த பிறகும் மடித்து வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தாள். அடுத்த ஞாயிறு அவள் தன் இரண்டு தங்கைகளோடு மண்டபத்துக்கு வந்தாள்.

செய்தி தலைமைச் சபைக்குப் போனது. குழு கூடியது. திறப்பை உள்ளூரில் பொறுப்பான ஒருவரிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்தப் பொறுப்பானவர் நான் என்று கடிதம் வந்தது.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகவே இருந்தது. இரண்டு ஞாயிறு நேரத்துக்குப் போய்த் திறந்தேன். வாசலில் நின்று பாட்டுப்புத்தகமும் கொடுத்தேன். அன்ரியும் வரிசையில் வந்தார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதைப் பற்றிக் கேட்டது என் மனைவிதான், இரண்டாம் ஞாயிறு மத்தியானம், சோறு போடும்போது.

"உங்களுக்கு ஏன் அந்தத் திறப்பு? நாங்கள் இஞ்ச வந்து ரெண்டு வருஷம்கூட ஆகேல்லை. அவையள் எப்ப இருந்து இருக்கினம்?"

நான் கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். அவள் குழம்புச் சட்டியை மூடினாள்.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சப்பாத்தும் தைத்துத் திறப்பும் வெட்டிக் கொடுப்பவரிடம் போய் ஆறு திறப்புகள் வெட்டுவித்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கலகம் அது. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்று மாலையே அன்ரியின் வீட்டுக்குப் போய், அசல் உட்பட ஏழையும் அவர் கையில் கொடுத்தேன்.

"ரெண்டு கிழமையாய் என்ன செய்தனீ?"

"வைச்சிருந்தனான்."

"ம்" என்றார். அன்று எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு மண்டபத்தில் கிடைத்தது.

பயிற்சி முடிந்து சான்றிதழ்கள் தபாலில் வந்தன. அன்ரிக்கு இல்லை, மூன்று வாரம் வரவில்லையாம். எனக்கு ஒன்று வந்தது. பிரொஜெக்டர் போடுவதைத் தவிர நான் எதுவும் கற்கவில்லை.

அன்ரி மண்டபத்தைப் புதன்கிழமையும் திறந்தார், பிறகு சனிக்கிழமையும். இறந்தவர்களுக்குச் செத்தவீடு நடத்த முன்போல வேறு இடம் கேட்டு யாரும் அலையவில்லை. கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள். வேலை முறை மாறுகிறவர்களுக்காக ஆராதனை நேரத்தையும் மாற்றினார்கள். வருட முடிவில் இருக்க இடமில்லாமல் நாங்கள் சிலர் சுவரோடு நின்றோம்.

அவர் செய்த பிரசங்கம் எதுவும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. மிச்ச நேரம் மற்றவர்களுக்கு. ஒரு ஞாயிறு அவர் வட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "டார்வினுக்கு அங்கால இருந்து வந்த தம்பி ஒரு பாட்டுப் பாடட்டும்" என்றார். நான் எழுந்து, தமிழ்க் கீர்த்தனை ஒன்றைப் பல்லவி, அனுபல்லவி, ஆறு சரணம் என்று முழுமையாகப் பாடினேன். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பாட்டு," என்றார் அன்ரி. "அடுத்த முறை பாதி போதும்."