மிளகுக் கிடங்கில் ஒரு வருஷப் படிப்பு

வாசகசாலை நடத்துகிறவனுக்குப் படிக்க நேரம் கிடையாது. படிக்கிறவர்களோடு சண்டை போடத்தான் நேரம் சரியாக இருக்கும். புத்தகம் இரவல் கொடுத்துக் கெட்டுப்போனவர்கள் யாராவது இருந்தால் கிட்டே வந்து உட்காருங்கள். உங்கள் வயிற்றெரிச்சலும் என் வயிற்றெரிச்சலும் ஒன்றுதான்.

மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் அடிவாரத்து மிளகு வியாபாரி ஒருவர் தம் கிடங்கின் முன்னறையை வாசகசாலைக்கு விட்டிருந்தார். யாரோ அதிகாரி சொன்னாரென்று விட்டது, பிரியத்தால் அல்ல. புத்தகங்களும் அவர் வாங்கிப் போட்டவைதான், என் கூலியும் அவர் கொடுப்பதுதான். “ஒரு வருசம் பாப்பேன். மலைக்காரங்க படிக்கலைன்னா மூட்டையை அடுக்கிருவேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த அறையைக் காப்பாற்றத்தான் நான் வருஷம் முழுக்கக் கத்தினேன். பொறுமையாகப் பேசியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் வந்து இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கொன்னவன் யார்?

துப்பறியும் நாவல் ஒன்று மலையில் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கங்களைக் காணோம். கடைசியாக எடுத்துப் போனவன் தேன் எடுக்கிற சடையன். கூப்பிட்டுக் கேட்டேன். “தேன் குடுவைக்கு வாய் கட்டக் காயிதம் இல்லீங்க” என்றான், என்னவோ எனக்கு உபகாரம் செய்தவன் மாதிரி.

எனக்குக் கோபம் உச்சி மண்டையில் ஏறிவிட்டது. முதல் பக்கத்தைக் கிழித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கொலைகாரன் பிடிபடுகிற பக்கத்தையா கிழிப்பது? நானே இன்னும் அதைப் படிக்கவில்லை. அதையும் சொல்லித்தான் கத்தினேன். அவன் முகம் கொஞ்சமும் சுருங்கவில்லை.

“ஏனுங்க இதுக்குப் போய் கோவிச்சுக்கறீங்க? கொன்னவன் ஆருன்னு எனக்குத் தெரியும், கேக்கறவங்களை எங்கூட்டுக்கு அனுப்பிவிடுங்க.”

எந்த நாடு?

பத்திரிகை அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக ஏறி வருவதற்குள் பழசாகிவிடும். ஆனாலும் அது வருகிற அன்று கூட்டம் சேரும், நான் உரக்கப் படிப்பேன். அன்றைக்கு, ‘நாடு விடுதலை பெறும் நாள் நெருங்கிவிட்டது’ என்று படித்தேன். திண்ணனூர் நாட்டிலிருந்து வரும் காளிக் கவுண்டர் சட்டென்று எழுந்துவிட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் பத்திரிகை நாளென்றால் தவறமாட்டார். “எந்த நாடுங்க? உங்க வளப்பூர் நாட்டுக்கு மட்டுமா?” என்றார்.

மலைமேல் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது; ஒவ்வொரு நாட்டுக்கும் தலைவராக ஒரு பட்டக்காரர் உண்டு. தங்கள் நாட்டை விட்டுவிட்டு எங்களுக்கு மட்டும் என்னவோ கிடைத்துவிட்டது என்று அவருக்குக் கோபம். வளப்பூர்க்காரர்கள் வேறு மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்கள். அட, இந்த நாடு இல்லையப்பா, இந்த மலை, சேலம், பட்டணம், காசி வரைக்கும் எல்லாம் சேர்ந்தது ஒரே நாடு, வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர் நிதானமாக உட்கார்ந்தார்.

“அத்தனை பெரிய நாட்டுக்குப் பட்டக்காரர் ஆருங்க? அதைச் சொல்லாம மத்ததையெல்லாம் படிக்கறீங்களே.”

அழுகிற கதாநாயகி

பெண்கள் உள்ளே வரமாட்டார்கள். சாமைக் கொல்லைக்குப் போகிற வழியில் வாசலில் நின்று கேட்பார்கள். அதில் பழனியம்மாள் என்று ஒருத்தி, நின்றால் நின்றதுதான். ஒன்று உள்ளே வா, இல்லை போ, வெளிச்சத்தை மறைக்காதே என்று தினம் திட்டுவேன். காதிலேயே வாங்கமாட்டாள். புருஷன் ரங்கூன் போன துக்கத்தில் கதாநாயகி அத்தியாயம் அத்தியாயமாக அழுகிற நாவல் ஒன்றை உருகி உருகிப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கே குரல் கம்மிய இடத்தில் வாசலிலிருந்து சத்தம் வந்தது.

“இவ அழுது முடியறதுக்குள்ள எங்க கொல்லையில களை முட்டியளவு வந்துருமுங்க, வேற ஆராச்சும் வாராங்களான்னு பொரட்டிப் பாருங்க.”

முதலாளி வந்தார்

மார்கழியில் மிளகு முதலாளி டோலியில் வந்து இறங்கினார். தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்கினார்கள், இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வருஷம் முழுக்கப் படித்ததையும் வருகிற வருஷம் படிக்க நினைத்திருப்பதையும் அவர் கேட்டால் சொல்ல நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அழுகைக் கதைகளைக் குறைக்க வேண்டும். மாட்டு வைத்தியம் ஒன்று வேண்டும். காட்டுச் சட்டம் தமிழில் கிடைத்தால் முதலில் அதுதான். பாரஸ்டுக்காரன் சொல்வதே சட்டம் என்று நம்பிச் சுள்ளி பொறுக்கவே பயப்படுகிற ஜனங்கள் இவர்கள். சுவர் நிறைய ஒரு பூகோளப் படமும் மாட்ட வேண்டும்.

கேட்டீர்களா அநியாயத்தை, மனுஷர் ஒரு கேள்வி கேட்கவில்லை. யார் வருகிறார்கள், என்ன படிக்கிறார்கள், ஒன்றும் இல்லை. சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, மூட்டைகளை முன்னறைக்கு நகர்த்தச் சொன்னார். இது என்ன நியாயம் என்று மரியாதையில்லாமல்தான் கேட்டேன்.

“மொளகை வச்சிருந்தா வெலை ஏறும், பொஸ்தகத்தை வச்சிருந்தா என்னப்பா ஏறும்?”

இன்னும் முடிக்கலீங்க

புத்தகங்களைத் திரட்டி அடிவாரத்துக்கு அனுப்பச் சொன்னார். பொட்டலம் மடிக்கக் கடைகளுக்குப் போட்டுவிடலாமாம். அலமாரியில் இருந்தது சொற்பம், மீதியெல்லாம் வீடுகளில். வயிறு எரிய எரிய வாங்கப் போனேன். சடையன் தலையைச் சொறிந்துகொண்டு “இன்னும் முடிக்கலீங்க” என்றான். பழனியம்மாள் வீட்டில் அவள் கதவுக்குப் பின்னாலிருந்து அதையே சொன்னாள். மேடு பள்ளம் ஏறி இறங்கித் திண்ணனூர் நாட்டுக்குப் போனால், காளிக் கவுண்டரும் “இன்னும் முடிக்கலீங்க” என்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உங்களுக்கு அ, ஆ தெரியாது, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் தெரியாது, எதை ஐயா முடிக்கவில்லை என்று அவர் வாசலில் நின்று கத்தினேன். முதலாளியிடம் காட்ட முடியாத கோபமெல்லாம் அவர் தலையில் விழுந்தது. அவர் என்னை உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். புத்தகத்தை மட்டும் கொடுக்கவில்லை.

“நீங்க வந்து படிச்சாத்தானுங்களே நான் முடிக்கறது? வர்ற வருசம் எங்கூட்டுல இருந்து ஆரம்பிங்க சாமி, இதைக் குடுத்துட்டா அப்புறம் நீங்க எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறீங்க?”

ஆக, வருகிற வருஷத்துக்கு நான் அழகாகப் போட்டுவைத்த திட்டமெல்லாம் அப்படியே கிடக்க, கூரையும் இல்லாமல் கூலியும் இல்லாமல் வீடு வீடாகப் போய்த் திட்டிக்கொண்டே படிக்கப் போகிறேன்.