யாரும் படுக்காத கட்டில்

அமலி தில்லியில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். தூத்துக்குடிக்காரி. ட்யூட்டி இல்லாத மாலைகளில் பிராங்ளின் என்பவரின் நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தாள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். தொண்ணூற்றாறில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய், கிசுகிசுப்புத்தான் மிஞ்சியது. அதன்பின் எட்டு வருடம் நாடகம் பார்க்கக்கூட அவள் போகவில்லை.

பிராங்ளின் அவளைக் கேட்காமலே அவள் பெயரில் ஒரு கலை அமைப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். இடமும் கிடைத்துவிட்டது. தில்லியிலேயே ஜங்புராவில் ஒரு மாடி வீடு. ஜனவரி முழுவதும் அங்கே தங்கலாம். கடைசி நாளில் எதையாவது நிகழ்த்திக் காட்ட வேண்டும்.

"பேச்சே வரல. நான் என்னத்தண்ணே செய்ய?"

"பேசாமச் செய்யி" என்றார் அவர்.

லீவு போட்டுப் போனாள். முதல் வாரம் மூடுபனியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நிஜாமுதீன் ஸ்டேஷன் ரயில்களின் கூவல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாத பனி. ஒரு காலையில் அறையிலிருந்த கயிற்றுக் கட்டிலை மொட்டை மாடிக்கு இழுத்தாள். விரிப்பை உதறிப் போட்டு, மூலைகளை மடித்துச் செருகினாள். அங்கே இல்லாத ஒருவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி, புரட்டிப் படுக்க வைத்து, நாடி பார்த்தாள். இருபது வருடமாகக் கைகளுக்குத் தெரிந்த வேலை. நாளாக ஆக அந்த ஆளுக்கு எடை கூடியது. தூக்கும்போது இடுப்பு வலித்தது.

மூன்றாம் வாரம் ஒருநாள் பனி சட்டென்று விலகியது. குட்டைச் சுவருக்கு அப்பால், அடுத்த வீட்டு மாடியில், ஈரத்துணி வாளியோடு ஒருத்தி நின்றிருந்தாள். தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்ப்பிலிருந்து அந்த வீட்டுக்கு வேலைக்கு வரும் சந்திரம்மாள்.

"யக்கா, நேத்து தலகாணிய மாத்த மறந்துட்டீங்க."

அமலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிசுகிசுப்பு கேட்கும் தூரத்துக்குச் சுவரோரம் போனாள். "எத்தன நாளாப் பாக்கீங்க?"

"பத்து நாளா. பனியில நெழலாட்டந்தான் தெரியும். அதுல படுத்திருக்கறது யாருக்கா?"

"யாருமில்ல."

"அச்சா" என்றாள் சந்திரம்மாள், நம்பாமல்.

மறுநாள் அமலிக்கு விரிப்பே சரியாக விழவில்லை. பார்க்க ஆள் இருக்கிறது என்ற நினைப்பில் மூலைகளைப் பிரித்துப் பிரித்து மடித்தாள். சந்திரம்மாள் விரிப்பு படியும்வரை நின்றுவிட்டுப் போனாள்.

கடைசி நாள் மதிய வெயிலில் மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அமலி விரிப்பை உதறினாள், மடித்தாள், இல்லாத தோளுக்குக் கை நீட்டினாள். அப்போது கூட்டத்திலிருந்து சந்திரம்மாள் எழுந்து வந்து கட்டிலில் படுத்துவிட்டாள். முன்னால் பேசி வைத்ததல்ல. அமலியின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே துடித்தது.

விடியுமுன் எழுந்து நான்கு வீடு பெருக்கித் துடைத்தவள் சந்திரம்மாள். ஐந்து நிமிடத்தில் நிஜமாகவே தூங்கிப்போனாள். யாரும் கை தட்டவில்லை, எழுந்து போகவுமில்லை. வெயில் சுவரைவிட்டு நழுவியபோது யாரோ தன் சால்வையைக் கழற்றிக் கொடுக்க, அது கைமாறிக் கைமாறி அமலியிடம் வந்தது. போர்த்திவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கண் விழித்தவள், சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னும் யாரும் போகலியா?"

"போகல. நீ படு" என்றாள் அமலி.

அடுத்த குளிர்காலத்தில் அவளை ஜெய்ப்பூருக்கும் போபாலுக்கும் அழைத்தார்கள். இரண்டு ஊரிலும் யாராவது எழுந்து வந்து படுத்தார்கள். போபாலில் ஒரு போலீஸ்காரர் பூட்ஸோடு படுத்துவிட்டார். அமலிதான் கழற்றினாள்.