லாச்சப்பலில் சிவப்புக் கோடு இல்லை

அக்காவின் ஊரில் நடைபாதையோடு ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. ஜெர்மனியில் ஹனோவர் என்ற நகரம். கோடு ரயில் நிலையத்தருகே தொடங்கி, பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு, சுற்றி வந்து அங்கேயே முடிகிறது. வழிகாட்டி தேவையில்லை. ஒவ்வோர் இடத்திலும் நிலத்தில் ஓர் இலக்கம் இருக்கும். கையிலுள்ள சின்னப் புத்தகத்தில் அந்த இலக்கத்தைப் பிரித்தால் அதன் கதை இருக்கும்.

அத்தானின் ஆண்டுத் திவசத்துக்கு நான் பாரிசிலிருந்து போயிருந்தேன். மறுநாள் அக்காவுக்கு வேலை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் நிற்கிறாள், லீவு கிடைக்கவில்லை. புத்தகத்தை என் கையில் திணித்தாள்.

"கோட்டைப் பிடிச்சுக்கொண்டு போ. துலைய மாட்டாய். வேலை முடிய வந்து குதிரையின்ரை வாலுக்குக் கீழை நிப்பன்."

ரயில் நிலைய வாசலில் குதிரைமேல் ஒரு ராசாவின் சிலை. அந்த ஊர்ச் சனம் யாரையாவது சந்திப்பதென்றால் அதன் வாலுக்குக் கீழேதான் சந்திக்குமாம். நல்ல இடம் பார்த்தார்கள்!

எனக்கோ ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், புடவைக்கடைக் கல்லாவில் நாள் முழுக்க நிற்கிறாயே என்று கேட்பீர்கள். அங்கேயும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஓபரா மண்டபத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். நகரசபைக் கட்டடத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. பிறகு கூரையில்லாத ஒரு தேவாலயம் வந்தது. உலகப் போரில் குண்டு விழுந்து கூரை போனதாம். திருத்தாமல், ஞாபகத்துக்கென்று அப்படியே விட்டிருக்கிறார்கள். சுவர்கள் மட்டும் நிற்கின்றன, மேலே வெறும் வானம். குண்டு விழுந்த கோயிலைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் ஜெர்மனிக்கா வரவேண்டும்? உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கோட்டைப் பிடித்து நடையைக் கட்டினேன்.

ஆனால் என்னைக் குடைந்தது அதுவல்ல. அத்தனை நேரம் நடந்தும் ஒரு சீவன் என்னோடு பேசவில்லை. நீ ஆர், எவடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஊரில்தான் அக்கா, பிள்ளைகளும் இல்லாமல், இப்போது அத்தானும் இல்லாமல் தனியாக இருக்கிறாள். குதிரை வாலுக்குக் கீழே அவளைக் கண்டதும் வெடித்துவிட்டேன்.

"உந்த ஊரிலை விழுந்து கிடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. பேசாமல் எங்களோடை வந்திரு."

அவள் சிரித்தாள். "கூரையில்லாத கோயிலுக்குள்ளை நிண்டனியே?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்று பொய் சொன்னேன்.

இலையுதிர்காலத்தில் கடவுள் கண் திறந்தார் என்றுதான் நினைத்தேன். பாரிசின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் நாங்கள் இருக்கும் கட்டடத்திலேயே, கீழ்மாடியில் ஒரு வீடு காலியானது. வீட்டுச் சொந்தக்காரர் பாண்டிச்சேரிக்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். "திங்கக்கிழம வரைக்கும் வைக்கிறேம்மா. அதுக்கு மேல முடியாது. வேற ரெண்டு பேரு தொஸியே குடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். தொஸியே என்றால் இங்கே வீடு கேட்பவர்கள் கட்டிக் கொடுக்கும் பத்திரக் கட்டு. அக்காவை அழைத்தேன். சனிக்கிழமையே வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "வெளிச்சமா இருக்கு" என்றாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரி, எங்கள் சனத்தைக் காட்டினால் மனம் இளகும் என்று ஞாயிறு காலை லாச்சப்பலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உன்ரை ஊரிலை கோடு. இஞ்சை நான்தான் கோடு. பின்னாலை வா."

பாதையை முதல்நாளே மனதில் போட்டு வைத்திருந்தேன். மரக்கறிக்கடை, ரூ பெர்தொனே என்ற தெருவில் தேத்தண்ணீர், நகைக்கடை, கடைசியில் பிள்ளையார் கோயில். அடுத்த மெத்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுப்பதில்லை. அங்கே மெத்ரோப் பாலத்தின் கீழே படுத்துக் கிடப்பவர்களையும் குப்பையையும் கண்டால் அக்கா அடுத்த ரயிலில் ஏறிவிடுவாள்.

மரக்கறிக்கடை அண்ணை அக்காவைக் கண்டதுமே பிடித்துவிட்டார். "உங்கடை அக்காவோ? முகத்திலை எழுதி ஒட்டிக் கிடக்கு. ஜெர்மனியோ? மனுசன் வரேல்லையோ?"

"அவர் போன வருசம் மோசம் போயிட்டார்."

அண்ணை கல்லாவை விட்டு வெளியே வந்தார். "ஐயோ அக்கா! என்ன வருத்தம்? ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகேல்லையோ?" அக்கா சொன்னாள். மாரடைப்பு, விடியற்காலை, அம்புலன்ஸ் வருமுன்னமே. அவர் தலையில் கைவைத்தார். பிறகு இரண்டு கைப்பிடி முருங்கைக்காயை அள்ளிப் பையில் போட்டு, காசு வாங்கவே மாட்டேனென்று நின்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியே அக்கா, எங்கடை சனம்!" என்றேன். அவள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

ரூ பெர்தொனேயில் தேத்தண்ணீருக்கு உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் என் கடைக்கு வரும் ஒரு பெண். அதே கேள்வி, அதே பதில். அவள் எழுந்து வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உண்மையிலேயே அழுதாள். "பிள்ளையளும் இல்லையோ? ஐயோ, தனியவோ கிடக்கிறியள்?" கேட்டபடியே அவள் கண் அக்காவின் நெற்றியிலிருந்த சின்னப் பொட்டில் ஒருதரம் தங்கி விலகியதைக் கண்டேன். அக்காவும் கண்டாள். மறுபடி விடியற்காலை, மறுபடி அம்புலன்ஸ். மேசைக்குக் கீழே என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. தேத்தண்ணீர் ஆடை படர்ந்து ஆறிப்போனது.

நகைக்கடை வாசலில் ஓர் அன்ரி எதிர்ப்பட்டார். முன்பு எங்கள் கட்டடத்தில் இருந்தவர். மகளோடு கனடாவில் நெடுநாள் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். என் மகள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டில் அத்தானைக் கண்டு பழகியவர். நேரே அக்காவிடம் போனார்.

"எடியே, நீயோ! எங்கை உன்ரை மனுசன்? எப்பிடி இருக்கிறார்?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"நல்ல சுகம் அன்ரி. வேலை. லீவு கிடைக்கேல்லை."

"பகிடி எல்லாம் அப்பிடியேயோ?"

"அப்பிடியேதான். அவர் மாறுவாரே?"

அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். சாமத்திய வீட்டில் வாழையிலையோடு நின்ற வீடியோக்காரரைச் சமையல்காரர் என்று நினைத்ததுபோல் நடித்து, அவரிடம் சோறு கேட்டு அத்தான் படுத்திய பாட்டைச் சொன்னார். அக்காவும் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வருடமொன்றுக்கு மேலாக நான் காணாத சிரிப்பு.

அன்ரி போனதும் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். எந்தப் பக்கம் போகிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. கோயிலும் போச்சு, பாதையும் போச்சு. நின்று பார்த்தால், போகவே கூடாதென்று இருந்த ஸ்டாலின்கிராட்!

"உனக்கென்ன விசரே?" என்று பாலத்தின் கீழே நின்று கத்தினேன். "செத்த மனுசனைச் சுகம் எண்டு சொல்லுறாய்! நாளைக்கு அவவுக்குத் தெரிஞ்சா என்ரை முகத்தை எங்கை வைக்கிறது?"

அக்கா கோபப்படவில்லை. "நல்ல சனம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஒவ்வொரு கடை வாசலிலையும் நான் அவரைத் திரும்பத் திரும்பச் சாகக் குடுக்க வேண்டிக் கிடக்கு. எனக்கு ஒருக்காச் சாகக் குடுத்தது காணும்."

ரயிலொன்று தலைக்கு மேலே தடதடவென்று போனது. அது போகும்வரை பொறுத்துவிட்டுச் சொன்னாள்.

"அந்தக் கூரையில்லாத கோயிலுக்குள்ளை நீ நிக்கேல்லை. எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலை நானும் அவரும் கோட்டாலை நடந்து போய் அங்கைதான் இருப்பம். இப்ப நான் தனியப் போறன். போய் அழுவன். ஒருத்தரும் என்னெண்டு கேக்கமாட்டினம்."

சொல்லிவிட்டு அங்கேயே, பாலத்தை அடுத்திருந்த கால்வாய்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். சைக்கிளில் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பாயில் படுத்திருந்த ஒருவர் புரண்டு மறுபக்கம் படுத்தார். நான் என்ன செய்வேன்? அவள் கையிலிருந்த முருங்கைக்காய்ப் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா முகத்தைத் துடைத்தாள். "உன்ரை ஊரிலை இதுதான் நல்ல இடம்," என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

திங்கள் காலை அவள் ரயிலேறிய பிறகு வீட்டுச் சொந்தக்காரருக்கு அழைத்து, வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து கீழ்மாடியைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கதவைப் பார்க்காமல் படியேறுகிறேன்.

அடுத்த கிழமை அன்ரி கடைக்கு வந்தார், சட்டைத்துணி வாங்க. அவருக்கு இன்னும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எப்படியும் தெரியத்தான் போகிறது, லாச்சப்பலில் எந்தச் செய்தி தங்கியிருக்கிறது? நானே சொல்லிவிடுவது மரியாதை. இரவெல்லாம் புரண்டு, சொல்ல வேண்டியதை அடுக்கியும் வைத்திருந்தேன்.

"அக்கா ஜெர்மனிக்குப் போய்ச் சேந்திட்டாவோ? ரெண்டு பேரும் எப்பிடி இருக்கினம், பிள்ளை?"

கல்லாவுக்குப் பின்னால் என் கால் ஆடுவதை நிறுத்தியிருந்தது.

"நல்ல சுகம் அன்ரி," என்றேன். "ஞாயிற்றுக்கிழமையிலை ரெண்டு பேரும் நடக்கப் போறவை."