குழாயில் சுற்றிய சேலைத்துணி

சேலத்து ஐஸ் பேக்டரியில் நான் மிஷின் பார்த்த காலம். அம்மோனியா வாயு கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாயில் தெர்மாமீட்டரைக் கட்டி, மேலே துணி சுற்றுவோம். வெளிக்காற்று பட்டால் அது பொய் சொல்லும்.

அந்தத் துணி என் மனைவியின் பழைய சேலைக் கிழிசல். பிரசவத்துக்கு அவள் எடப்பாடி போனபின், ஒருநாள் அதை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டேன்.

தெர்மாமீட்டர் ஏறியது. வாயு அதிகம் சூடாகித் திரும்புகிறது என்று நம்பி, அம்மோனியா விடும் வால்வை இன்னும் திறந்துவிட்டேன். ஆவியாகாத அம்மோனியா திரவமாகவே கம்ப்ரஸருக்குள் போய், மிஷின் தடதடவென்று இடித்தது. பிட்டர் ஓடிவந்து வால்வைக் குறைத்தார்.

"துணி எங்கீங்க?"

மடியிலிருந்து எடுத்து நீட்டினேன். சிரித்துவிட்டார்.

"இதச் சுத்திப்போட்டு, ஒருக்கா எடப்பாடிக்குப் போயிட்டு வாங்க சாமி."

சுற்றியதும் தெர்மாமீட்டர் உண்மைக்கு இறங்கியது. 'எனக்கொன்றும் அவசரமில்லை, மெதுவாக வா' என்று அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்த நான்தான் பொய்யன்.